சூடேறினால் நின்றுபோகும் சி 90

"ஸ்ராட் ஆகுதில்லை" என்று ஒருவர் வந்து சொன்னால் அது செய்தியின் தலைப்பு மாத்திரமே. செய்தி அதற்குக் கீழேதான் இருக்கிறது. காலையில் குளிர்ந்து கிடக்கும்போதா, ஓடிச் சூடேறி நின்ற பின்னரா? மழைக்குப் பிறகா, மூன்று மாதம் கொட்டிலில் கிடந்த பிறகா? சோக்கை இழுத்தால் இயந்திரம் உயிர்பெறுகிறதா, இன்னும் மோசமாகிறதா? எப்போது, எங்கே, எவ்வாறு என்று கேட்காமல் ஒரு பத்தியையும் அச்சுக்கு அனுப்பாத தொழிலில் நாற்பது வருடங்களைக் கழித்தவனுக்கு இந்தக் கேள்விகள் இயல்பாகவே வருகின்றன. ஆனால், இன்று பல கராஜ்களில் இவற்றைக் கேட்பவர்கள் அருகிவிட்டார்கள். "விட்டிட்டுப் போங்கோ, பின்னேரம் வாங்கோ" என்கிறார்கள். பின்னேரம் போனால் புதிய பிளக், புதிய காபரேற்றர், அவற்றுக்கான ஒரு நீண்ட பட்டியல். மறுநாள் காலையில் பழைய நோய் அப்படியே இருக்கும்.

பழைய மோட்டார் சைக்கிள்கள் இலங்கையில் பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் பண்டங்கள் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் அந்தக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் முப்பது, நாற்பது வயதான ஹொண்டாக்களும் மனிதர்களோடு சேர்ந்து உழைத்தன. மீன் விற்பவர், கள்ளுச் சீவுபவர், பத்திரிகை போடுபவர், மாலை நேர வகுப்புக்கு ஊர் ஊராகப் போகும் ஆசிரியர் என்று எத்தனையோ பேரின் வருமானம் ஒரு உதையில் இயந்திரம் இயங்குவதிலேயே தங்கியிருக்கிறது. ஆகவே, கோளாறைச் சரியாகக் கண்டுபிடிப்பது எங்களைப் பொறுத்தவரை சோற்றுப் பிரச்சினை.

எனது தலைமுறையைச் சேர்ந்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது தொழில்நுட்பக் கல்லூரியல்ல, பொருளாதாரத் தடை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. எப்படியோ கிடைத்துக்கொண்டிருந்த மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டக் கற்றுக்கொண்டோம். பாடசாலைக் கொப்பித் தாள்களில் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. பத்திரிகைக்குத் தாள் இல்லை, அதைக் கொண்டுபோகும் வாகனத்துக்கு எரிபொருள் இல்லை. ஆனாலும் இரண்டும் ஓடின.

மண்ணெண்ணெய்க்குப் பெற்றோலின் சுபாவம் கிடையாது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு நல்ல சூடு வேண்டும். குளிர்ந்த இயந்திரத்துக்குள் அது துளிகளாகவே போய்ச் சேரும். துளிகளை மின்பொறியால் பற்றவைக்க முடியாது. எனவே ஒவ்வொருவரும் ஒரு சிறு பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்தோம். காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு உதைத்தால் இயந்திரம் அந்தத் துளிகளில் பற்றிக்கொள்ளும். அது அணைவதற்குள் முறுக்கிச் சூடேற்றி மண்ணெண்ணெய்க்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னால் வெண்புகை எழும்பும். கைப்பிடியை விட்டால் நின்றுவிடும் என்பதால் சந்திகளில் முறுக்கியபடியே நிற்போம். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேரிடலாம் என்பதற்காக, அந்தச் சிறு போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் சாமியறையில் ஒளித்துவைத்த வீடுகளை நான் அறிவேன்.

இயந்திரங்கள் இதற்கு விலை கொடுத்தன. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி இயந்திர ஒயிலில் கலந்தது. ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அது பெருக்கமல்ல, நீர்த்துப்போன ஒயில். உள்ளே கரி படிந்தது. வால்வுகளும் அவற்றின் இருக்கைகளும் தேய்ந்தன. ஆனால் எரிபொருள், காற்று, தீப்பொறி, அமுக்கம் ஆகிய நான்கில் எது குறைந்தால் என்ன நடக்கும் என்பதைக் காதாலும் மூக்காலும் பாதத்தாலும் அறியக் கற்றது அந்த வருடங்களில்தான்.

1996 க்குப் பின்னர் வேறொரு சோதனை வந்தது. சோதனைச்சாவடியை நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, உருட்டிக்கொண்டு போக வேண்டும். அடையாள அட்டை பார்த்து முடிந்ததும் அந்த இடத்தைவிட்டு விரைவாக அகன்றுவிட வேண்டும். சூடான இயந்திரம் அந்த நேரம் பார்த்து இயங்க மறுத்தால், துப்பாக்கியோடு நிற்பவரின் பார்வை மாறுவதைக் கவனித்தபடியே உதைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். குளிரில் இயங்காத மோட்டார் சைக்கிள் தாமதத்தைத் தரும். சூட்டில் இயங்காத மோட்டார் சைக்கிள் பயத்தைத் தரும். அதனால்தான் இன்றைக்கும் எனது முதலாவது கேள்வி 'குளிரிலா, சூட்டிலா' என்பதாக இருக்கிறது.

இதற்கிடையில் 2022 ஆம் ஆண்டையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று, பின்னர் கியூஆர் அட்டை முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம். மண்ணெண்ணெய்க்குத் திரும்பிவிடலாமா என்று அப்போது என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். அந்த ஆவணியில் அதன் விலையும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏற்றப்பட்டதோடு அந்தக் கேள்வி செத்துப்போனது. ஆனால் அந்த மாதங்களில் வீட்டில் கிடந்த வாகனங்கள் எல்லாவற்றுக்கும் பின்னர் ஒரே நோய் வந்தது: சோக்கோடு இயங்கும், முறுக்கினால் ஓடும், கைப்பிடியை விட்டால் அணைந்துவிடும்.

காரணம் எளிமையானது. காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் தேங்கிய பெற்றோல் மெல்ல மெல்ல ஆவியாகி, பின்னால் பிசின் போன்ற ஒரு படிவை விட்டுச்செல்கிறது. பெரிய ஜெட்டின் துளை ஓரளவு அகலமானதால் தப்பிவிடும். கைப்பிடியை விட்ட நிலையில் இயந்திரத்துக்கு உணவூட்டுவது சிறிய ஜெட்; கராஜ்களில் அதை ஸ்லோ ஜெட் என்பார்கள். அதன் துளை ஊசி முனையளவு. முதலில் அடைபடுவது அதுதான். இதற்குப் புதிய காபரேற்றர் தேவையில்லை. ஜெட்டைக் கழற்றிப் பெற்றோலில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் போதும். துளைக்குள் வட்டமான வெளிச்சம் தெரிய வேண்டும். கம்பியைப் போட்டுக் குடைபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். துளை பெருத்துவிட்டால் பிறகு அந்த ஜெட் எந்தக் காலத்திலும் சரியான அளவு கொடாது.

இன்னொன்றும் உண்டு, அது பலரை அலைக்கழிக்கும். சில மைல்கள் நன்றாக ஓடி, பின்னர் பட்டினி கிடந்ததுபோல் நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓடும். பெற்றோல் டாங்கியின் மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும். மூடியில் இருக்கும் மூச்சுத்துளை தூசியால் அடைபட்டு, வெளியேறிய பெற்றோலின் இடத்துக்குக் காற்று வரமுடியாமல் போனதுதான் காரணம். ஒரு ஊசியால் தீரும் விடயம் இது.

இனி, சென்ற வருடம் என்னிடம் வந்த ஒருவரின் கதைக்கு வருகிறேன். வலிகாமத்தில் பத்திரிகை விநியோகம் செய்பவர். அதிகாலையில் அச்சகத்தில் கட்டுக்களை எடுத்துக்கொண்டு இருபது கடைகளுக்கு மேல் போடுகிறார். அவரிடம் இருப்பது ஒரு பழைய ஹொண்டா சி 90. கிளச் பிடி இல்லாத, மூன்று கியர் கொண்ட, எங்கள் ஊர்களில் அறியாதவர்களே இல்லாத வண்டி. ஹொண்டா நிறுவனம் 1958 இல் ஆரம்பித்த இந்தக் குடும்பத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017 இல் பத்துக் கோடியைத் தொட்டது. அந்தப் பத்துக் கோடியில் ஒன்று எனது முற்றத்தில் நின்றது.

"ஐயா, காலமை ரண்டு உதையிலை ஸ்ராட் ஆகுது. நாலாவது, அஞ்சாவது கடையிலை நிப்பாட்டினால் பிறகு ஆகாது. கால் மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்ப ஆகுது" என்றார்.

"சோக் இழுத்துப் பாத்தனீரோ, தம்பி?"

"இழுத்தாலும் ஒண்டுதான்."

"பெற்றோல் மணம் அடிக்குதோ?"

"இல்லை ஐயா. கராஜிலை எஞ்சின் முடிஞ்சுதாம். பிரிச்சு, போர் அடிச்சு, பிஸ்டன் மாத்த வேணுமாம். அதுக்கு முதல் பிளக்கும் காபரேற்றரும் மாத்தினவங்கள்."

அவர்கள் சொன்ன தொகை, அவரது இரண்டு மாத உழைப்பை விழுங்கக்கூடியது. இயந்திரம் பிரித்துக் கிடக்கும் நாட்களில் பத்திரிகைக் கட்டுக்கள் வேறொருவர் கைக்குப் போய்விடும். போனது திரும்பி வராது என்பதும் அவருக்குத் தெரியும். அந்தக் கராஜ் எது என்று நான் கேட்கவில்லை.

வண்டியை ஓடிச் சூடேற்றிக்கொண்டு வரச்சொன்னேன். நோய் இருக்கும்போதுதான் நோயாளியைப் பார்க்க வேண்டும். வந்து நிறுத்தியதும் சொன்னபடியே இயங்க மறுத்தது. பிளக்கைக் கழற்றினோம். நனைந்து கறுத்திருந்தால் பெற்றோல் மிகுதி; வெளிறி உலர்ந்திருந்தால் பெற்றோல் போதாது; ஒயில் பிசுபிசுத்தால் உள்ளே தேய்மானம். இது மண்ணிறத்தில், குற்றம் சொல்லமுடியாதபடி இருந்தது. பிளக்கை அதன் தொப்பியோடு இயந்திரத்தின் இரும்பில் தொடவைத்து, பிளக் துளையிலிருந்து விலக்கிப் பிடித்து உதைக்கச் சொன்னேன். துளை வழியே பெற்றோல் ஆவி வெளியே வரும்; அதற்கருகில் பொறி பறப்பது ஆபத்து. நீலப்பொறி, 'சடக்' என்ற ஒலியோடு பாய்ந்தது. சூட்டில் தீப்பொறி மங்குவதும் அடிக்கடி நடப்பதுதான். பொயின்ற் உள்ள பழைய மாதிரிகளில் கொண்டென்சரோ கொயிலோ சூடேறியதும் சோர்ந்துவிடும். பொறி மஞ்சளாக, நூல்போல மெலிந்து வரும். இங்கே அப்படியில்லை. காபரேற்றரின் அடியிலுள்ள வடிகால் திருகாணியைத் தளர்த்தினால் பெற்றோல் தாராளமாக வந்தது.

மிஞ்சியது அமுக்கம். பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டுக் கையால் கிக்கரை அழுத்திப் பார்த்தேன். எதிர்ப்பு மிகக் குறைவு. வெண்ணெய்க்குள் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. ஆறியபின் அழுத்தினால் நன்றாக எதிர்த்தது. கராஜ்காரர்களும் இதைக் கண்டுதான் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் வளையங்கள் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் சைலன்சரில் நீலப்புகை வரும், ஒயில் குறையும், காலையிலும் இரண்டு உதையில் இயங்காது. நிச்சயப்படுத்துவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மறுபடியும் சூடேற்றி, பிளக் துளையினூடாக ஒரு தேக்கரண்டி ஒயிலைவிட்டு அழுத்திப் பார்ப்பது. வளையங்களில் கசிவு இருந்தால் ஒயில் அதைச் சிறிது நேரம் அடைத்து, அமுக்கம் கூடிவிடும். இங்கே ஒன்றும் மாறவில்லை. கசிவு மேலே, வால்வில்.

வால்வு இடைவெளியைச் சூட்டில் அளக்கக்கூடாது. அடுத்த நாள் ஞாயிறு. பத்திரிகை போட்டு முடித்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தார்; மதியம்வரை ஆறவிட்டோம். சி 90 இன் சிலிண்டர் படுக்கையாகக் கிடப்பது. தலைப்பகுதியில் மேலே ஒரு வட்ட மூடி, கீழே ஒரு வட்ட மூடி. மேலேயுள்ளது உள்ளிழுக்கும் வால்வுக்கு, கீழேயுள்ளது புகை வெளியேறும் வால்வுக்கு. பிளைவீலின் டி அடையாளத்தை நேராக்கி, பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியில் நிற்கும்போது இரண்டிலும் 0.05 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். பத்திரிகை அச்சிடும் தாளின் தடிப்பைவிட அது குறைவு. மேல் வால்வில் பீலர் கேஜின் மெல்லிய தகடு வழுக்கிக்கொண்டு போனது. கீழ் வால்வில் நுழையவேயில்லை. விரலால் ஆட்டிப் பார்த்தால் அசைவும் இல்லை.

நடந்தது இதுதான். வால்வின் இருக்கை வருடக்கணக்காகத் தேய்ந்து தேய்ந்து வால்வு உள்நோக்கி ஏறிவிட்டது. ஏற ஏற இடைவெளி குறைந்தது. குளிரில் அது மட்டுமட்டாக மூடிக்கொண்டது. சூடேறியதும் வால்வின் தண்டு நீண்டு, மூடுவதற்கு இடமின்றி மயிரிழை திறந்தபடியே நின்றது. அமுக்கம் அந்த வழியால் போய்விட, தீப்பொறிக்கும் பெற்றோலுக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போனது. ரப்பெற் சத்தமே இல்லாமல் தையல் மெசின்போல ஓடுது என்று அவர் முதல் நாள் பெருமையாகச் சொல்லியிருந்தார். பழைய இயந்திரம் அவ்வளவு அமைதியாக ஓடினால் சந்தேகப்பட வேண்டும். மெல்லிய 'டிக் டிக்' ஒலி இருப்பதே ஆரோக்கியம்.

பூட்டு நட்டைத் தளர்த்தி, இடைவெளியைச் சரிசெய்து, மூடிகளைப் பூட்டினோம். ஓடிச் சூடேற்றி நிறுத்தி உதைத்தால் முதல் உதையிலேயே இயங்கியது. அவருடைய முகத்தை வர்ணிக்கப்போவதில்லை.

ஆனால் வேலை முடியவில்லை. கைப்பிடியை விட்டால் இயந்திரம் அலறிக்கொண்டு நின்றது. சூட்டில் அணையாமல் இருப்பதற்காகக் கராஜில் திருகாணியை முறுக்கி ஸ்லோவை உயர்த்தி வைத்திருந்தார்கள். கிளச் பிடியுள்ள வண்டியில் இது காதுக்கும் பெற்றோலுக்கும் மட்டுமே கேடு. சி 90 இல் அப்படியல்ல. இதன் கிளச் இயந்திரத்தின் சுழற்சி வேகத்தால் தானாகப் பற்றிக்கொள்ளும் வகை. ஸ்லோ உயர்ந்தால் கிளச் அரைகுறையாகப் பற்றியே இருக்கும். கியரைப் போட்டதும் வண்டி உதறிப் பாயும், சந்தியில் பிரேக்கை விட்டால் தானாக நகரும். முன்னால் பத்திரிகைக் கட்டோடு ஒருவர் கடை வாசலில் நிறுத்தும்போது இது விளையாட்டல்ல.

திருகாணியைத் தளர்த்திப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தால் இயந்திரம் ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடியது. சில நேரம் அணைந்தது. சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் சீராகியது. காற்று மிகுதி என்பதற்கு அது சாட்சி. புதிதாகப் போட்ட காபரேற்றரில் ஜெட் அடைபட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே எங்கோ வேண்டாத காற்று நுழைய வேண்டும். காபரேற்றர் பொருந்தும் மூட்டைச் சுற்றிக் கிரீஸைத் தடிப்பாகப் பூசினேன். ஊசலாட்டம் நின்றது. கழற்றிப் பார்த்தால், இரண்டு போல்ற்றுகளையும் மிதமிஞ்சி இறுக்கியதில் காபரேற்றரின் முகம் வில்லாக வளைந்திருந்தது. மலிவான போலிகளின் உலோகம் மென்மையானது. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, முகம் முழுவதும் ஒரே மாதிரி மினுங்கும்வரை தேய்த்தோம். புதிய வளையம் ஒன்றைப் போட்டு, இரண்டு போல்ற்றுகளையும் மாறி மாறி, அளவோடு இறுக்கினோம். காற்றுத் திருகாணியை முழுவதும் மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பி, இயந்திரம் மிக வேகமாகச் சுழலும் இடத்தில் விட்டு, பிறகு ஸ்லோவைக் குறைத்தேன். முதல் கியரைப் போட்டபோது வண்டி அசையாமல் நின்றது.

செலவு: ஒரு ரப்பர் வளையம், ஒரு தாள் உப்புத்தாள்.

இது நிரந்தரத் தீர்வல்ல என்பதை அவரிடம் மறைக்கவில்லை. தேய்ந்த இருக்கை இன்னும் தேயும். இடைவெளி மறுபடி குறையும். ஒருநாள் தலைப்பகுதியைக் கழற்றி, வால்வைப் பசைபோட்டு அரைத்து இருக்கையோடு பொருத்த வேண்டும். அது ஒரு நாள் வேலை. போர் அடிப்பதோ பிஸ்டன் மாற்றுவதோ அல்ல. எங்கள் நாட்காட்டியில் பத்திரிகை வெளிவராத நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து கொண்டுவாருமென்றேன். பொங்கலுக்குப் பார்ப்போம் என்றார்.

பீலர் கேஜை அவரிடமே கொடுத்துவிட்டேன். முதலில் மாதம் ஒருமுறை அளந்தார். இரண்டாவது மாதத்தில் தகடு இறுகியதாகத் தொலைபேசியில் சொல்லி, எப்படித் திருப்புவது என்று கேட்டுக்கொண்டே சரிசெய்தார். இப்போது அதற்கும் எடுப்பதில்லை.